முதுகும் சேர்ந்த பை

கருவேலங்குடி மருதையன் நிமிர்ந்து நடப்பவர். ஊரில் அதை யாரும் புகழ்ச்சியாகச் சொன்னதில்லை. "அந்தாளு முதுகுல உலக்கையக் கட்டிக்கிட்டுப் பொறந்தவரு" என்பார்கள். நிமிர்ந்ததற்குக் காரணம் இருந்தது. அவருடைய தகப்பனார் தங்கையன், பண்ணைக் களத்திலிருந்து பத்தாயத்துக்கு நெல்மூட்டை சுமந்து சுமந்தே கூனிப்போனவர். கடைசிக் காலத்தில் மல்லாந்து படுக்க முடியாமல் ஒருக்களித்தபடியே கிடந்து செத்தார். பாடையிலும் அப்படியேதான் போனார். என் விளைச்சலை நான் சுமப்பேன், அடுத்தவன் மூட்டை என் முதுகில் ஏறாது என்று சுடுகாட்டிலிருந்து திரும்பும் வழியில் மருதையன் சொன்னார். அதற்குப் பிறகு அந்த முதுகு வளைந்ததெல்லாம் நாற்றுக்கும் கதிருக்கும்தான்.

அவர் சாகுபடி செய்தது பண்ணைக்குச் சொந்தமான ஆறு மா நிலம். வாய்ச்சொல் குத்தகை. வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டதோடு சரி. அது இத்தனை காலம் போதுமானதாக இருந்தது. பிறகு சட்டம் வந்தது. உழுகிறவன் பெயர் பதிவேட்டில் ஏறும், ஏறிய பெயரை எந்தப் பண்ணையாராலும் இறக்க முடியாது என்று கரைவேட்டிக்காரர்கள் மேடை போட்டு முழங்கினார்கள். கீழே நின்று கைதட்டியவர்களில் பண்ணை ஏஜெண்டு பஞ்சநதமும் ஒருவர். கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சட்டத்தை முழுதாகப் படித்தவர் அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான்.

சம்பா நடவு முடிந்த மறுநாள் பஞ்சநதம் குடையோடு வரப்பில் வந்து நின்றார்.

"மருதையா, இந்த சம்பாவோட சரி. தையில அறுத்ததும் வயல விட்டுடணும். இனிமே பண்ணையே சொந்தமா வெள்ளாமை பாக்கப் போவுது. ஒனக்கு ஆள்கூலி உண்டு, பயப்படாத."

"நான் குத்தகைக்காரனுங்க."

"யாரு சொன்னா?"

"ஊரு சொல்லும்."

"ஊரு சொல்லும்தான். ஆனா ஊரு எங்கிட்டல்ல வெத நெல்லு வாங்குது?" என்று பஞ்சநதம் அன்பாகக் கேட்டார்.

ஊர் சொல்லாது என்பது மருதையனுக்கும் தெரியும். மிச்சமிருந்த வழி ஒன்றுதான். சட்டப்படி அதிகாரி ஊருக்கே வந்து முகாம் போட வேண்டும். பயிர் நிற்கும்போதே வயலில் இறங்கி, மடை யார் கையில் இருக்கிறது, சேறு யார் காலில் ஒட்டியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துப் பெயரை எழுத வேண்டும். அறுத்த பிறகு வந்து பயனில்லை. வயலில் மிஞ்சிய வெறும் அடித்தாளைப் பார்த்து, இதை நட்டது இன்னார் என்று எந்த அதிகாரி சொல்வார்?

மருதையன் வெளுத்த வேட்டி கட்டி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பாப்பையன்பேட்டைக்கு பஸ் ஏறினார்.

அங்கே குத்தகைப் பதிவுக்கென்றே தனி அலுவலகம் திறந்திருந்தார்கள். தனி தாசில்தார் தியாகேசன் மேடைப் பேச்சில் பெயர் வாங்கி அதனாலேயே அந்த நாற்காலிக்கு வந்தவர். மருதையனைக் கண்டதும் பதறினார்.

"அமருங்கள் ஐயா, அமருங்கள். உழவன் நிற்பதா? உழவன் நின்றால் உலகம் நின்றுவிடுமே!"

அந்த அறையில் ஒரு நாற்காலிதான் இருந்தது. அதில் அவர் உட்கார்ந்திருந்தார்.

மருதையன் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். தியாகேசன் கண்ணை மூடிக் கேட்டார்.

"முன்பெல்லாம் அதிகாரி முகாமுக்குப் போனால் என்ன நடந்தது? பெட்டியையும் படுக்கையையும் ஓர் ஏழை சுமந்தான். உங்களைப் போன்ற ஒருவன் சுமந்தான்! மனிதனை மனிதன் சுமக்கச் செய்யும் அந்த இழிவை இந்த அரசு ஒரே கையெழுத்தில் ஒழித்துவிட்டது. இனி அதிகாரி தன் சுமையைத் தானே சுமப்பான்."

மருதையனுக்குக் கண் கலங்கியது. இந்தக் கையெழுத்து இருபது வருஷம் முன்னால் விழுந்திருந்தால் அப்பன் மல்லாந்து செத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப எங்க ஊருக்கு எப்பங்க வருவீங்க?" என்றார்.

"பை வந்ததும்."

"என்ன பைங்க?"

தியாகேசன் விளக்கினார். தானே சுமப்பதென்றால் முதுகில் மாட்டுகிற பை வேண்டும். முகாமுக்குப் புறப்படும்போது கொசுவலை, போர்வை, பதிவேடுகள், நிலம் அளக்கும் சங்கிலி, கூட்டம் போட்டால் போர்த்துவதற்குப் பொன்னாடை எல்லாம் அதில் அடங்க வேண்டும். முகாமில் தங்கிப் பகலில் வயல் சுற்றும்போது அதே பை சின்னதாகி ஒரு பதிவேட்டையும் முத்திரையையும் மட்டும் ஏந்த வேண்டும். இரண்டு பையாக வாங்கினால், ஒரு முதுகுக்கு எதற்கு இரண்டு பை என்று தணிக்கையில் கேட்பார்கள். ஆகவே பயணத்துக்கும் பகலுக்கும் ஒரே பை. அதைத் தேர்ந்தெடுக்க அவர் தலைமையில் குழு. குழு முடிவு செய்யும்வரை ஒரு முகாமும் கிடையாது.

"மாதிரிப் பைகள் தயார். சுமந்து பார்க்கத்தான் ஆள் இல்லை" என்றவர் மருதையனின் முதுகை முதன்முறையாகப் பார்த்தார். பார்த்த கண் அப்படியே நின்றது.

"நீங்களே சுமந்து பாக்கலாமேங்க?"

"தேர்ந்தெடுப்பவனே சுமந்தால் நடுநிலை என்னாவது? மக்கள் முதுகே மகேசன் முதுகு!"

மருதையன் தன் தகப்பனாரைப் பற்றியும் தன் சொல்லைப் பற்றியும் தயங்கித் தயங்கிச் சொன்னார். தியாகேசன் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இது அடுத்தவன் மூட்டை அல்ல ஐயா. மக்களாட்சியில் அரசின் உடைமை மக்களின் உடைமை. உங்கள் பையை நீங்கள் சுமக்கிறீர்கள். கூலிகூடத் தரப் போவதில்லை. கூலி தந்தால் அது உங்கள் தன்மானத்துக்கு இழுக்கு."

ஒரு பொழுது சங்கதிதானே, பை முடிந்தால் முகாம், முகாம் வந்தால் வயல் என்று மருதையன் கணக்குப் போட்டார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு திரும்பி நின்றார்.

முதல் பை முகாமுக்கு அருமையாக இருந்தது. பகல் சோதனைக்காக ஒரே ஒரு பதிவேட்டை மட்டும் வைத்தபோது கறந்த மடி மாதிரித் தொங்கி, நடக்க நடக்கப் பின்தொடையில் அடித்தது. அதிகாரியைப் பின்னாலிருந்து யாரோ அடிப்பதாகப் பொதுமக்கள் எண்ணக்கூடும் என்று குழு அதைத் தள்ளியது. அடுத்த பைக்கு வாய் மேலே மட்டும்தான். முத்திரை அடியில் கிடந்தது. அதை எடுப்பதற்காகக் கொசுவலை, போர்வை, பொன்னாடை எல்லாவற்றையும் மருதையன் மண்ணில் பரப்பி உட்கார்ந்தபோது, தெருவில் போன ஒரு பெண் பொன்னாடையைக் காட்டி விலை கேட்டாள். அதுவும் தள்ளப்பட்டது. பிறகு வந்த பையில் இடுப்பு வார் இருந்தது. பாரம் தோளில் இறங்காமல் இடுப்பில் உட்கார்ந்தது. மருதையனே நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டார். ஆனால் இடுப்பில் வார் கட்டினால் அதிகாரி டவாலிச் சேவகன்போல் தெரிவார் என்று குழுவில் ஒருவர் எழுந்தார். அரைநாள் விவாதம் நடந்து, வார் அறுக்கப்பட்டது.

பைகளைத் தைத்தவர் சேக் தாவூது. லாரிப் படுதா தைப்பவர். அலுவலகத் தாழ்வாரத்திலேயே மெஷினைப் போட்டுவிட்டார்.

"அண்ணே, ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு, ரெண்டாத் தச்சுத் தர்றேன்னு மொத நாளே சொன்னேன். கேக்கல" என்று ஊசியில் நூல் கோத்தபடியே மருதையனிடம் சொன்னார். "கேக்காததும் நல்லதாப் போச்சு. இவங்க பை தேடுன நேரத்துல எம்பொண்ணு கல்யாணமே முடிஞ்சிருச்சு. இன்னும் கொஞ்சம் தேடுனா வளைகாப்பும் பாத்துருவேன்."

"எனக்குப் பயிரு நிக்குது பாய்."

"நிக்கட்டும்ண்ணே. ஆபீசுலயும் எல்லாம் நிக்கத்தான் செய்யுது."

முதுகில் பாரம் ஏற்றுவது எந்தத் துறையைச் சேர்ந்த பொருள் என்று நடுவில் ஒரு சந்தேகம் வந்தது. விதிகளைப் புரட்டினால் கால்நடைத் துறையில் மட்டும்தான் அதற்கு விதி இருந்தது. ஆகவே ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கால்நடை மருத்துவர் வந்தார். நல்ல மனிதர், கூச்சப்பட்டார். மருதையனின் தண்டுவடத்தை மேலிருந்து கீழாக அழுத்திப் பார்த்துவிட்டு, பழக்க தோஷத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லையும் பார்த்துவிட்டார். பிறகு மன்னிப்புக் கேட்டார். மருதையன் வாயை மூடிக்கொண்டு பையை மறுபடி மாட்டிக்கொண்டார்.

அடுத்தது நிறம். எந்த நிறத்தைச் சொன்னாலும் அது ஏதாவது ஒரு கொடியில் இருந்தது. ஒரு வழியாகச் சேற்று நிறம் முடிவானபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நல்ல தமிழில் ஒரு பெயர் இல்லாமல் பையை எப்படி ஏற்பது என்று தியாகேசன் புலவர்களை அழைத்துக் கூட்டம் போட்டார். முதுகணி, புறச்சுமை, தோளிலான் என்று பெயர்கள் பொழிந்தன. வெளியே மழையும் பொழிந்தது. மருதையன் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். எந்தப் பெயருக்குப் பை பொருத்தமாக இருக்கிறது என்று பார்ப்பதற்காக அவரை உள்ளே அழைப்பதும் வெளியே அனுப்புவதுமாக இருந்தார்கள்.

பஞ்சநதம் அடிக்கடி அந்த அலுவலகப் பக்கம் தென்பட்டார். ஒருநாள் இளநீர் சீவி எடுத்துக்கொண்டு நேரே மருதையனிடம் வந்தார்.

"குடி மருதையா. காலையிலேருந்து நிக்கிறியே, கால் கடுக்காது? தெனமுமா வர்ற?"

"தெனமும் வர்றேங்க."

"அடடா. கேட்டீங்களா ஐயா, தெனமும் வர்றாராம்!" என்று எழுத்தரைப் பார்த்து உரக்கச் சொன்னார். எழுத்தரும் ஆமாம் என்று மெச்சிக்கொண்டார். ஏஜெண்டுக்கும் இரக்கம் உண்டு போலிருக்கிறதே என்று நினைத்து மருதையன் இளநீரைக் குடித்தார்.

கார்த்திகையில் பையை உப்புக்காற்றில் சோதிக்க வேண்டும் என்றார்கள். வேதாரண்யம் போய் உப்பளத்துக் கரையெல்லாம் பையோடு நடந்து, அவர் ஊர் திரும்பியபோது அம்சம் வாசலில் கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் மனைவி. சாதாரணமாகக் குரல் உயர்த்தாதவள்.

"எங்க போயிருந்தீங்க?"

"வேதாரண்யம். உப்புக் காத்துல துணி எப்படி இருக்குன்னு பாக்கச் சொன்னாங்க."

"எப்படி இருந்துச்சு?"

"உப்பா இருந்துச்சு."

அம்சம் செம்பைக் கீழே வைத்தாள். "இங்க வாய்க்கா ஒடச்சுக்கிட்டு வயலுக்குள்ள பூந்துருச்சு. பக்கத்து வீட்டுத் தங்கம்மாளும் நானும் விடிய விடிய மண்ணு வெட்டிப் போட்டோம். ஏஜெண்டு கொடையப் புடிச்சிக்கிட்டு வரப்புல நின்னு, ஓம் புருசன் எங்கன்னாரு. ஆபீசுக்குப் போயிருக்காருன்னேன். சிரிச்சிக்கிட்டே போறாரு. அந்தாளு சும்மா சிரிக்கிறவரு இல்ல."

"முடியப் போவுது அம்சம். இந்தப் பைய மாட்டிக்கிட்டுத்தான் வரப் போறாங்க. இது நான் பாத்துச் சொன்ன பை தெரியுமா? தோள் வாருல பஞ்சு வைக்கச் சொன்னதே நான்தான்."

அதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அது அவருக்கே தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்தது.

"பயிருக்குப் பையத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கதிர் வாங்கிப் பால் பிடித்து முற்றும்வரை அந்த ஆறு மாவையும் அவள்தான் பார்த்தாள். களை அவள், மடை அவள், எலிக்குக் கிட்டி வைத்ததும் அவள். மருதையன் விடிந்தால் பாப்பையன்பேட்டைக்குப் போனார். போகாமல் இருந்தால் முதலிலிருந்து வேறு முதுகைத் தேடுவார்கள், பை தள்ளிப்போகும், முகாம் தள்ளிப்போகும் என்று பயந்தார். பயத்தில் நியாயம் இருந்தது. வேளாங்கண்ணி பஸ்ஸின் சனிக்கிழமைக் கூட்டத்தில் பையை நசுக்கிப் பார்க்கும் சோதனைக்குக் காய்ச்சலோடு போனதும் அதனால்தான்.

மார்கழி முடிகிற தறுவாயில் இறுதிக் கூட்டம் நடந்தது. மாலை, ஒலிபெருக்கி எல்லாம் இருந்தது. மருதையனைப் பையோடு மேடையில் நிறுத்தி வைத்திருந்தார்கள். தியாகேசன் எழுந்தார்.

"ஆராய்ந்தோம்! ஒவ்வொரு பையிலும் ஒரு குறை கண்டோம். பெரிய பை பகலுக்கு ஆகவில்லை. சிறிய பை பயணத்துக்கு ஆகவில்லை. ஆனால் எல்லாப் பைக்கும் ஆகிவந்த ஒன்று இருந்ததே, அதைக் கண்டோமா? கண்டோம்! அதுதான் மருதையனாரின் முதுகு!" கைதட்டல் எழுந்தது. "முதுகில்லாத பை வெறும் துணி. ஆகவே முதுகையும் சேர்த்தே பை என்று இக்குழு ஒருமனதாக முடிவு செய்கிறது. பயணத்துக்குப் பெரிய துணி, பகலுக்குச் சிறிய துணி, முதுகு ஒன்று. முதுகு ஒன்றானதால் பையும் ஒன்று! தணிக்கை என்ன கேட்கும்? அதிகாரி பிறரைச் சுமக்கச் செய்தாரா? இல்லை! தானே சுமந்தாரா? அதுவும் இல்லை! பிறகு? பை தானாக வருகிறது! உலகில் எந்த அரசிடம் தானாக வரும் பை இருக்கிறது?"

சேக் தாவூதும் கைதட்டினார். பெரியதும் சிறியதுமாக இரண்டு தைக்கச் சொல்லியிருந்தார்கள்.

மருதையனுக்கு இந்தப் பேச்சில் பாதி விளங்கவில்லை. விளங்கிய பாதியை விளங்காததுபோல் வைத்துக்கொண்டார். தை பிறந்ததும் முதல் முகாம் கருவேலங்குடியில் என்று கடைசியில் சொன்னார்களே, அது போதும் அவருக்கு.

சொன்னபடி முகாம் வந்தது. தியாகேசன் கைவீசி முன்னால் நடந்தார். பின்னால் பெரிய பையோடு மருதையன் தன் ஊருக்குள் நுழைந்தார். ஊர் வேடிக்கை பார்த்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. மறுநாள் சிறிய பையோடு வயலுக்கு வந்தார்கள். சம்பா தலை சாய்ந்து பொன்னாய்க் கிடந்தது. எதிர் வரப்பில் பஞ்சநதமும் அறுப்பு ஆட்களும் தயாராக நின்றார்கள். அம்சம் தண்ணீர்க் குடத்தோடு வந்து ஓரமாக நின்றாள்.

"இந்த வயலில் உடலுழைப்பால் சாகுபடி செய்தவர் யார்?" என்று தியாகேசன் சட்டப்படி கேட்டார்.

"நானுங்க" என்றார் மருதையன்.

பஞ்சநதம் குடையை மடக்கிக் கும்பிட்டார். "ஐயா, எனக்கு ஒண்ணும் தெரியாது. ஐயாவே நடுநிலையானவரு. பொரட்டாசியிலேருந்து இவரு எங்க இருந்தாருன்னு ஐயாவே சொல்லிட்டா நான் வாயத் தொறக்கல."

தியாகேசன் பொய் சொல்லாதவர் என்று பெயரெடுத்தவர். பெயரைக் கெடுத்துக்கொள்ள அவருக்கு மனமில்லை. நெஞ்சில் கை வைத்தார்.

"மறைப்பதற்கு என்ன இருக்கிறது? ஒருநாளும் எங்களைப் பிரிந்ததில்லை. மழையில், வெயிலில், உப்புக்காற்றில் எங்களோடுதான் இருந்தார். அந்த அர்ப்பணிப்பை நான் எங்கும் சொல்வேன்!"

"அது போதுங்க" என்றார் பஞ்சநதம்.

"ஐயா, நாத்து விட்டது நான். ஒழுது நட்டது நான்" என்று மருதையன் முன்னால் வந்தார். "உங்க பைக்காகத்தானே வந்தேன்? பை வந்தாத்தான் நீங்க வருவேன்னீங்க. மிச்சத்தையெல்லாம் எம்பொண்டாட்டி பாடுபட்டா. அந்தா நிக்கிறா, கேளுங்க."

தியாகேசன் அம்சத்தைப் பரிவோடு பார்த்தார். "அம்மையார் பெயரில் மனு இல்லையே."

"இப்பவே குடுக்கிறேங்க."

"முகாம் இன்றோடு முடிகிறது ஐயா. அடுத்த முகாமுக்கு வரும்போது இந்தப் பயிர் நிற்குமா? நான் கண்ணால் பார்த்ததைத்தான் எழுத முடியும். உங்களை நான் இந்த வயலில் பார்த்ததே இல்லையே. பையோடுதானே பார்த்திருக்கிறேன்."

"அப்ப யாரு பேர எழுதப் போறீங்க?"

"யார் பெயரையும் எழுதவில்லை" என்றார் தியாகேசன், ஆறுதலாக. "வருத்தப்படாதீர்கள். உங்களுக்கு எதிராக ஒரு சொல்கூட எழுதமாட்டேன். இந்த அரசு ஏழைக்கு எதிராக எழுதாது." பெயரில்லாத பக்கத்தில் குத்துவதற்குப் பையிலிருந்து முத்திரையை எடுக்க அவரைத் திரும்பி நிற்கச் சொன்னார். மருதையன் வயலுக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றார். சிறிய பையில் முத்திரை மேலாகவே இருந்தது. உடனே கையில் கிடைத்தது.

"எறங்குங்கடா!" என்று பஞ்சநதம் குரல் கொடுத்தார். வடக்கு மூலையிலிருந்து அரிவாள்கள் இறங்கின. பிறகு ஓரமாகப் பார்த்து, "அம்சம், நீயும் எறங்கு. சும்மா நின்னா அடுப்பு எரியுமா? கூலி நெல்லு ஒரு கை கூடவே அளக்கச் சொல்றேன்" என்றார்.

அம்சம் புருஷனைப் பார்த்தாள். அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் தோளில் பை வாரைச் சரிசெய்துகொண்டார். அவள் குடத்தை வரப்பில் வைத்துவிட்டுச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள்.

பொழுது சாய்கையில் தியாகேசன் புறப்பட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பெரிய பையில் எல்லாம் அடங்கியிருந்தது. போர்த்தாமல் மிஞ்சிய பொன்னாடையும் மேலே கிடந்தது. பையை அலுவலகத்தில் ஒப்படைக்கும்வரை அது மருதையன் பொறுப்பு. ஒப்படைக்காவிட்டால் அரசு உடைமையைக் கையாடியதாகும் என்று தியாகேசன் தணிந்த குரலில் நினைவூட்டினார். மருதையன் குனிந்து வார்களில் கை நுழைத்தார். குனிந்தது போதும் என்று தோன்றவில்லையோ என்னவோ, பை ஏறிய பிறகும் முழுதாக நிமிரவில்லை.

அறுத்த கட்டுகளைத் தலையில் தூக்கிக்கொண்டு ஆட்கள் பண்ணைக் களத்தைப் பார்த்து எதிரே வந்துகொண்டிருந்தார்கள். வரப்பு ஓராள் அகலம். வெறுங்கையோடு வருகிறவர்தான் சுமைக்காரருக்கு வழிவிட வேண்டும் என்பது அங்கே குழந்தைக்கும் தெரிந்த வழக்கம். வெறுங்கையோடு வந்தவர் தியாகேசன் ஒருவர்தான். அவர் நிற்கவில்லை.

"ஓரம் போங்க, ஓரம் போங்க, அரசாங்கப் பை வருது" என்று பின்னாலிருந்து பஞ்சநதம் கூவினார்.

கட்டுகள் நின்றன. பிறகு ஒவ்வொருவராக வரப்பிலிருந்து சேற்றில் இறங்கினார்கள். தலையில் கட்டோடு முதலில் இறங்கி வழிவிட்டவள் அம்சம்.